செம்பியின் காலில் இருந்த சூடு

மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒரே கூரைக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு வாப்பா கடிதம் எழுதுறத உன்ட உம்மா எட்டிப் பார்த்திட்டுச் சிரிக்கிறா. "ஏன், வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா?" எண்டு கேக்கிறா. சிரிச்சாலும் அவக்குத் தெரியும், இது வாயால சொல்லி முடிக்க ஏலாத கதை எண்டு. நீ மோட்டர் சைக்கிள எடுத்துக்கொண்டு இறக்காமத்துக்கு, உன்ட ராத்தா வீட்ட பயணம் சொல்லப் போன கையோட நான் கொப்பியும் பேனையுமா குந்திட்டன். நீ திரும்பி வாறதுக்குள்ள முடிச்சுப் போடணும். ராத்தா கூடப் பிறந்தவ, சோறு தின்னாம உன்ன விடமாட்டா, ஆனபடியா நேரம் இருக்கு. இதுல மறைக்க ஒண்டுமில்ல. உன்ட கூட்டாளிமாரும் வெளிநாட்டுக்குப் போக நிக்கிறாங்கதானே, அவங்களுக்கும் வாசிக்கக் குடு. ஊருக்கே தெரிஞ்சாலும் இனி எனக்கு ஒண்டுமில்ல.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும் நீ வெளிக்கிடுற. நான் பத்து வருசம் இருந்த அதே அரபு நாட்டுக்கு, நான் செஞ்ச அதே வேலைக்கு, பந்தயக் குதிரை லாயத்தில குதிரை பார்க்கிற வேலைக்குப் போற. இந்த ஒரு மாசத்தில மூண்டு தரம் என்னட்டக் கேட்டாய், "வாப்பா, குதிரைக்குத் தண்ணி ஓதுவீங்கதானே, அத எனக்கும் சொல்லித் தாங்க" எண்டு. ஒருக்கா வயல் வட்டையில வேல கிடக்கு எண்டன். ஒருக்கா தலையிடி எண்டன். மூண்டாவது தரம், நீ செருப்ப வாசல்ல குறுக்க போட்டுட்டாய் எண்டு சொல்லி உன்ன ஏசிப்போட்டன். தலையிடி பொய். செருப்பும் சாட்டுத்தான். அண்டைக்கு நீ செருப்ப எடுத்து ஓரமா வச்சிட்டுப் போனாய். அதுக்குப் பொறகுதான் எனக்கு வெட்கமாப் போச்சி.

நான் கவலையில இருந்து எழுதுறன் எண்டு நினைக்காத. உள்ளதச் சொன்னா, என்ட வாழ்க்கையில இப்பதான் நல்ல காலம். நாட்டுச் சண்டை முடிஞ்சி போச்சி. சுபஹு தொழுதிட்டு சைக்கிள உருட்டினா நேரா சவளக்கடை வட்டைக்குப் போய்ச் சேருறன், வழியில இறக்கி வச்சு அடையாள அட்டை கேக்க ஆளில்ல. இந்தப் போகம் வெள்ளாமை நல்லா நிக்கிது. கடலுக்குக் கிட்ட இருந்த வீடு போனாலும் இப்ப இருக்கிற வீட்டுக்குக் காத்து நல்லா வருது. உன்ட உம்மா என்னோட ஒரு நாளைக்கு ரெண்டு தரம்தான் சண்டை பிடிக்கிறா, முந்தி அஞ்சு தரம். இதுக்கு மேல ஒரு மனிசனுக்கு என்ன வேணும். இந்த நிம்மதியில ஒரு முள்ளு மட்டும் கிடக்கு. அதப் புடுங்கி உன்ட கையில தந்தாத்தான் நீ போன பொறகு நான் நல்லாப் படுப்பன்.

நான் குதிரை பார்க்கப் போனவனில்ல, தெரியும்தானே. ஏஜென்சிக்காரன் ட்ரைவர் வேலை எண்டு சொல்லித்தான் அனுப்பினான். போய் இறங்கினா லாயத்துக்கு முன்னால கொண்டு போய் விட்டாங்க. அதுவரைக்கும் என்ட சீவியத்தில நான் குதிரைய படத்திலதான் பார்த்திருக்கன். எருமையோட பிறந்து வளந்தவன் நான். எருமைக்கு அவசரமில்ல, கோவம் வந்தாலும் யோசிச்சுத்தான் முட்டும். இந்தச் சாதிக் குதிரை அப்பிடியில்ல. ஓடுறதுக்கெண்டே தலைமுறை தலைமுறையாச் சேர்த்துச் சேர்த்து எடுத்த சாமான். உடம்பு அவ்வளவு பெரிசு, கால் என்ட மணிக்கட்டு மாதிரி. அந்த மெல்லிசுக் காலுக்கு மேலதான் அவ்வளவு பாரமும் பறந்து வந்து விழும். முதல் கிழமை நான் பயத்தில வாசலுக்கு வெளிய நிண்டே புல்லு எறிஞ்சன். ஆறு மாசத்தில அதுகள்ட மூச்சில இருந்தே பசியா, பயமா, வலியா எண்டு பிரிச்சுச் சொல்லுற அளவுக்கு வந்திட்டன்.

நீ போனதும் முதல் கண்ணில படப்போறது இதுதான், இப்பவே சொல்லி வைக்கிறன். எலும்பு முத்தாத குட்டியில இருந்து ஓட்டத் தொடங்குவாங்க. நல்லா ஓடுற குதிரைக்குத்தான் ஓய்வில்ல. ஓடாதது நிழல்ல நிண்டு புல்லுத் தின்னும், வெண்டது அடுத்த கிழமையும் ஓடும். ஒரு ஓட்டம் ஓடினா காலுக்குள்ள எங்கயோ கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒண்டு விழும். ஆறவிட்டா ஆறும். ஆறுறதுக்குள்ள திரும்ப ஓட்டினா அதே இடத்தில இன்னொண்டு விழும். குதிரை இதச் சொல்லாது. அது ஓடு எண்டா ஓடும், நொந்து கொண்டே ஓடும், பக்கத்தில இன்னொரு குதிரை வந்தா வலிய மறந்து ஓடும். அதுட குணமே அதுக்கு எதிரி. ஆனா காலையில தீன் மிச்சம் கிடக்கும், ஒரு கால நுனியில வச்சு நிக்கும், முழங்காலுக்குக் கீழ பின்னால இருக்கிற நரம்பில கைய வச்சா மற்றக் காலை விட ஒரு துளி சூடு கூட இருக்கும். இத ட்ரெய்னரும் காணமாட்டான், முதலாளியும் காணமாட்டான். விடியக் கைய வச்சுப் பார்க்கிற குதிரைக்காரன் மட்டும்தான் காணுவான். அந்தக் கை இனி உன்ட கை.

தண்ணி ஓதின கதை இப்பிடித்தான் தொடங்கின. நான் போய் ரெண்டாம் வருசம் ஒரு குதிரைக்கு வயித்துக்குத்து வந்து விழுந்து உருண்டிச்சி. டொக்டர் வர நேரம் பிடிச்சிச்சி. எனக்கு ஒண்டும் ஓடல்ல. சின்னதில உனக்கு வயித்துவலி வந்தா உம்மா என்ன செய்வா? கோப்பையில தண்ணி எடுத்து, பாத்திஹாவும் ஆயத்துல் குர்ஸியும் ஓதி மூண்டு தரம் ஊதிக் குடிக்கத் தருவாதானே. அதையே நானும் செஞ்சன். வாயில கொஞ்சம் தண்ணி விட்டு, வயித்த தடவி, நடத்திக்கொண்டே இருந்தன். டொக்டர் வாற நேரம் குதிரை எழும்பி நிண்டிச்சி. நடத்தினதால சுகமாச்சோ, ஓதினதால சுகமாச்சோ, அல்லாஹ்வுக்குத் தெரியும். அதோட லாயம் முழுக்க எனக்கு மௌலவி எண்டு பேர் விழுந்து போச்சி. இந்து, கிறிஸ்தவன் எல்லாரும் "மௌலவி, இதுக்கும் கொஞ்சம் ஊதி விடு" எண்டு குதிரையக் கூட்டிக்கொண்டு வருவாங்க. எனக்கும் தல வீங்கிச்சி. ஊருக்கு வந்தா உங்களையெல்லாம் சுத்தி இருத்தி வச்சு இதத்தானே அளந்தன். நீ வாயப் பிளந்து கேட்டுக்கொண்டு இருப்பாய்.

ஆனா உங்களுக்குச் சொல்லாத மிச்சம் ஒண்டு இருக்கு. கடைசி வருசம் என்ட பொறுப்பில ஒரு பெண் குதிரை இருந்திச்சி. கடதாசியில அதுக்கு நீட்டு இங்கிலிஸ் பேர். செம்பு நிறம், அதால நான் செம்பி எண்டு கூப்பிட்டன். நாலு வயசு. மற்றக் குதிரையெல்லாம் பின்னால போனா உதைக்கும், இது என்ட சட்டைப் பைக்குள்ள மூக்கப் போட்டுப் பேரீச்சம்பழம் தேடும். அந்த வருசம் குளிர் தொடங்கினதும் ஓட்டம் தொடங்கிச்சி. முதல் ஓட்டத்தில ரெண்டாவதா வந்திச்சி. பதினஞ்சு நாளால திரும்ப ஓடி முதலாவதா வந்திச்சி. வெண்ட அண்டைக்கு எடுத்த படத்த அடுத்த நாளே ஊருக்கு வந்த ஒருத்தரிட்டக் குடுத்து அனுப்பினன், அதுதான் நம்மட பழைய வீட்டு ஹோல்ல கொஞ்ச நாள் மாட்டிக் கிடந்தது. நான் கடிவாளத்தப் பிடிச்சுக்கொண்டு பல்லக் காட்டிக்கொண்டு நிண்ட படம். சுனாமியில அது போனதுக்கு நீ அழுதாய். நான் அழல்ல. ஏனெண்டா அந்தப் படத்தில செம்பி இடது முன்னங்கால நுனியில வச்சுத்தான் நிண்டிச்சி. படத்தப் பார்க்க வந்த சனம் என்ட பல்லப் பத்தித்தான் கதைச்சதாம், காலை ஒருத்தரும் பார்க்கல்ல.

அடுத்த நாள் விடியக் கைய வச்சன், சூடு இருந்திச்சி. லாயத்துப் போர்மனிட்ட சொன்னன். சொன்னன் எண்டத ஒத்துக்கொள்ளு, முதல் நாள் நான் சரியாத்தான் சொன்னன். அவன் காலைத் தொட்டும் பார்க்கல்ல. "முதலாளிட விருந்தாளிகள் வாறாங்க, வாற கிழமை இது ஓடியாகணும். உன்ட தண்ணி இருக்குத்தானே, ஓதி ஊத்து" எண்டான். போற போக்கில இன்னொண்டும் சொன்னான், "இந்த ஓட்டம் முடியட்டும், நீ ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஊருக்குப் போகலாம்" எண்டு. மூண்டு வருசமா நான் பெருநாளுக்கு ஊருக்கு வரல்ல, மகன். உன்ட ராத்தா அப்ப பிள்ளை பெத்துப் படுத்திருந்தா. அந்தப் பேரப்பிள்ளைட முகத்த நான் காணல்ல. அவன் அதச் சொன்ன உடன என்ட காதுக்குள்ள செம்பிட கதை போய், ஊர்ட கதை வந்திட்டு.

அதுக்குப் பொறகு நான் செஞ்சத ஒழுங்கா எழுதுறன், நீ ஒழுங்கா வாசி. ஒவ்வொரு நாளும் தண்ணி ஓதினன். அந்தத் தண்ணிப் போத்தில ஐஸ் பெட்டிக்குள்ள வச்சன். ஐஸ் போல தண்ணியில துணிய நனைச்சு அந்தக் கால்ல சுத்தினன். கைய நீட்டினா செம்பி தானாவே காலத் தூக்கித் தரும், அப்பிடிப் பழகிட்டு. ஐஸ் காலுக்கு நல்லதுதான், அதுல பிழையில்ல. ஓதினதிலயும் பிழையில்ல, அது நல்ல வார்த்தை. ஆனா ஓட்டத்தண்டு விடியத்துல இருந்து நான் அந்தத் துணிய எடுக்கவே இல்ல. டொக்டர் ஓட்டத்துக்கு முதல் எல்லாக் குதிரைட காலையும் தடவிப் பார்ப்பார் எண்டு எனக்குத் தெரியும். அவர் வாறதுக்குக் கொஞ்சம் முன்னதான் துணிய அவிழ்த்துத் துடைச்சன். அவர் கைய வச்சார், கால் குளுந்து போய்க் கிடந்திச்சி. ஆனா அவர் கெட்டிக்காரன், பழைய ஆள். குனிஞ்ச படியே நிமிந்து என்ட முகத்தப் பார்த்து, "விடிய இதுல சூடு இருந்திச்சா?" எண்டு கேட்டார்.

நான் "இல்ல சேர்" எண்டன்.

அந்தச் சொல்லச் சொல்லேக்க என்ட நெஞ்சு என்னத்த நினைச்சிச்சி தெரியுமா? ஓதியிருக்குத்தானே, அல்லாஹ் காப்பாத்துவான் எண்டு நினைச்சிச்சி. பொய்யையும் சொல்லிப்போட்டு, அந்தப் பொய்க்கு அல்லாஹ்வக் காவலுக்கு நிப்பாட்டினன். டொக்டர் என்ட தோள்ல தட்டினார். "உன்னப்போல பார்க்கிற ஆள் இருந்தா எங்களுக்குப் பயமில்ல" எண்டார். அவர் என்னை நம்பித்தான் அடுத்த குதிரைக்குப் போனார்.

அஸர் தொழுகைக்குப் பிந்தித்தான் ஓட்டம். நான் கம்பி வேலியோட நிண்டன். கடைசித் திருப்பம் வரைக்கும் செம்பி முன்னுக்குத்தான் வந்திச்சி. பொறகு திடீரெண்டு குனிஞ்ச மாதிரி இருந்திச்சி. விழல்ல. மேல இருந்து ஓட்டின ஜொக்கி இழுத்து நிப்பாட்டிக் குதிச்சிட்டான். நான் வேலிக்குள்ளால பூந்து ஓடினன். மூண்டு கால்ல நிண்டு நடுங்கிக்கொண்டு இருந்திச்சி. என்னக் கண்டிட்டு, கனைச்சிட்டு, அந்த இடது கால முன்னால தூக்கிச்சி. தூக்கினதா, முறிஞ்சு தொங்கினதா எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. என்ட கண்ணுக்கு, ஒவ்வொரு நாளும் தாற மாதிரித் தந்த மாதிரித்தான் இருந்திச்சி. சீலைய இழுத்துச் சுத்தி மறைச்சாங்க. முறிஞ்ச காலுக்கு அங்க மருந்தில்ல, அதே டொக்டர்தான் உயிர எடுக்கிற ஊசியப் போட்டார். நான் தலைய மடியில வச்சிருந்தன். அவர் என்ன ஒண்டும் கேக்கல்ல, நானும் சொல்லல்ல. இவ்வளவு வருசத்தில நான் ஆருக்காவது மன்னிப்புக் கேக்கோணும் எண்டு நினைச்சா, செம்பிக்குப் பொறகு அந்த மனிசன்ட முகம்தான் வரும்.

ஒரு கிழமையும் ஆகல்ல, கடல் வந்திச்சி. உன்ட உம்மா உன்னையும் கூட்டிக்கொண்டு ராத்தாட பிள்ளைக்கு நாப்பதாம் நாள் எண்டு இறக்காமத்தில நிண்டபடியா நீங்க தப்பினீங்க. நம்மட தெருவில மையத்துத் தூக்கின கதைய நான் உனக்குச் சொல்லத் தேவையில்ல, நீயும் தூக்கினாய், பதினாறு வயசில. நான் வந்து பார்த்தா வீடு நிண்ட இடத்தில கிணத்துக் கட்டு மட்டும் நிண்டிச்சி. அந்த நாள்ல ஊர்ல ஆளுக்கொரு கதை, இன்னாரிட பாவத்தால வந்திச்சி எண்டு. என்ட மனசும் கொஞ்ச நாள் அப்பிடி ஓடிச்சி, என்னாலதானோ எண்டு. பொறகு எனக்கே என்னில கோவம் வந்திட்டு. ஒரு குதிரைக்காரன் சொன்ன பொய்க்கு ஒரு கரையையே அழிக்கிறவனா ரப்பு? அப்பிடி நினைக்கிறதும் தலவீக்கம்தான். கடல் கடல்ட பாட்டுக்கு வந்திச்சி. நான் செஞ்சது நான் செஞ்சது, அது தனியா நிக்கிது.

அதுக்குப் பொறகு நான் திரும்பிப் போகல்ல. வீடு போனவங்களுக்குக் கட்டித் தந்த தகரக் கொட்டில்ல இருக்கேக்க ஒருநாள் உம்மாட்டச் சொன்னன். அவ அரிசி பிடைச்சுக்கொண்டிருந்தா, சுளகக் கீழ வச்சிட்டா. "அந்த வாயில்லாச் சீவன் உங்கள நம்பித்தானே காலத் தந்திச்சி" எண்டா. சுளகத் திரும்பக் கையில எடுத்தா. பொறகு, "நான் இத ஆரிட்டயும் சொல்லமாட்டன். ஆனா மகன் அந்தப் பக்கம் போற நாள் வந்தா நீங்களே சொல்லணும்" எண்டா. நான் ஓம் எண்டன். நீ போகவே மாட்டாய் எண்டு நினைச்சுத்தான் ஓம் எண்டன். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ஊசி போடுற இடத்தில நீ வேல பழகினதும், உன்ட கைக்கு மிருகம் அடங்கினதும், அங்க இருக்கிற என்ட பழைய கூட்டாளி உனக்கு இடம் பார்த்துத் தந்ததும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வந்து என்ன மாட்டி விட்டிட்டு.

போகாத எண்டு நான் சொல்லமாட்டன். நல்ல வேலை அது. கை சுத்தமான ஆள் ஒண்டு ரெண்டு அங்க நிண்டாத்தான் அந்தச் சீவனுகளுக்கும் நல்லது. முந்தி மாதிரி இல்ல, இப்ப ஓய்வு குடுக்கணும் எண்டு சட்டம் கதைக்கிறாங்களாம், கூட்டாளி சொன்னான். சட்டம் கதைக்கட்டும். சட்டத்துக்குக் கையில்ல, உனக்குத்தான் கை இருக்கு. தண்ணி ஓதுறதுக்குப் படிக்க ஒண்டுமில்ல, நீ ஓதிப் படிச்சதுதான். ஓது, ஊது, குடிக்கக் குடு. ஓதிப்போட்டு உன்ட கை சொல்லுறதக் கேளு. விடிய நாலு காலையும் தொடு, ஒரு நாளும் விடாத. சூடு இருந்தா எழுதி வை, போர்மனிட்டச் சொல்லு, அவன் கேக்காட்டி ட்ரெய்னரிட்டச் சொல்லு. டொக்டர் உன்ட முகத்தப் பார்த்துக் கேட்டா, உள்ளதச் சொல்லு. அந்தக் கால் உனக்கு அமானிதம், நம்பித் தந்த பொருள். முதலாளிட குதிரையா இருக்கலாம், ஆனா விடியத்தில அந்தக் கால உன்ட கையிலதான் வைக்குது.

இன்னொண்டும் இருக்கு. லீவுக்கு ஆசைப்பட்டுத்தான் பொய் சொன்னன் எண்டு இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தன். இப்ப எழுதேக்கதான் தெரியுது, அது பாதிதான். மற்றப் பாதி பயம். உள்ளதச் சொன்னா போர்மன் என்ன அனுப்பிப்போடுவான், ஊருக்கு எந்த முகத்தோட போறது எண்ட பயம். வெளிநாட்டுக்குப் போய் இடையில திரும்பி வந்தவன நம்மட ஊர் என்ன பாடு படுத்தும் எண்டு உனக்குத் தெரியும். இருட்டு விடியுறதுக்கு முதல் பஸ்ஸால இறங்கி, கடற்கரை ஒழுங்கையால ஒளிச்சு வந்து, ரெண்டு கிழமையா வாசலுக்கு வராமக் கிடந்தவங்கள எனக்குத் தெரியும். பள்ளி வாசல்ல நிண்டு, "என்ன, அரபி கலைச்சிட்டானோ?" எண்டு அவங்களக் கேட்டுச் சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். அந்தச் சிரிப்புத்தான் அண்டைக்கு என்ட வாய அடைச்சிச்சி, மகன். என்ட சிரிப்பு.

ஆனபடியா, உள்ளதச் சொன்னதுக்காக உன்ன அனுப்பினா, ஒரு மாசத்தில அனுப்பினாலும் சரி, ஒரு கிழமையில அனுப்பினாலும் சரி, ஒளிச்சு வராத. பகல்ல வா. லுஹருக்குச் சனம் பள்ளியால இறங்குற நேரம் பார்த்துக் கல்முனைச் சந்தியில இறங்கு. பேக்கத் தோள்ல போட்டுக்கொண்டு பெரிய தெருவால நடந்து வா. எவனாவது சிரிச்சுக்கொண்டு கேட்டா நீ பதில் சொல்லத் தேவையில்ல. நான் பக்கத்தில நடந்து வருவன், கேக்கிறவனுக்கு நான் சொல்லுறன், "என்ட மகன் நொந்த குதிரைய ஓட விடல்ல, அதுக்காக அனுப்பிட்டாங்க" எண்டு.

உன்ட வாப்பா